காதல் கதை எழுத வந்திருக்கும் பெண்ணுக்கு

கண்ணு, திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துக்கொண்டே நாவல் எழுதுகிறாய் என்று உன் அம்மா சொன்னபோது எனக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சமல்ல. ரமணிசந்திரன் நாவலை வாடகை நூலகத்தில் வாங்கி, ஒரு புத்தகத்தை நாலு வீட்டுப் பெண்கள் மாற்றி மாற்றிப் படித்த ஊர்கள் இவை. படித்தவர்கள் ஏராளம்; தன் வேலையையும் தன் தெருவையும் காதல் கதைக்குள் கொண்டுவந்தவர்கள் சிலர்தான். அந்தக் குறையை நீ தீர்க்கலாம். கேட்டிருந்தாய் அல்லவா, எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

1. நேரம் கிடைத்தால் எழுதலாம் என்று காத்திருக்காதே. எழுத்தாளர் லக்ஷ்மி சென்னையில் மருத்துவம் படித்துக்கொண்டே ஆனந்த விகடனுக்குத் தொடர்கதை எழுதினார். படிப்புச் செலவுக்கு அந்தப் பணம்தான் உதவியது. உனக்கு ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டு மணிக்கு வெளியே வருகிறாய். அதன்பிறகு முழு அத்தியாயம் எழுத உட்காராதே, உடம்பு தாங்காது. வேலை நாளில் குறிப்பு மட்டும் போதும்: சாப்பாட்டு நேரத்தில் காதில் விழுந்த ஒரு வாக்கியம், பஸ்ஸில் பார்த்த ஒரு முகம். போனில் பேசியே பதிந்து வை. ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும் முன்பே எழுத உட்கார்ந்துவிடு. துணி சாயங்காலம் வரை காத்திருக்கும்.

2. கதாநாயகனுக்குப் பத்துத் தொழிற்சாலை கொடுக்காதே. உன் கைப்பிரதியில் அவன் ஊட்டியில் எஸ்டேட் வைத்திருக்கிறான், கோட் போட்டுக்கொண்டே சாப்பிடுகிறான். அவனை நீ பார்த்ததே இல்லை என்பது மூன்றாவது பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. உனக்குத் தெரிந்தவன் பவர் டேபிளில் டெய்லராக உட்கார்ந்து தைத்துக்கொண்டிருக்கிறான். அவனை எழுது.

எப்படி என்று கேட்பாய். பண்டல் பண்டலாகத் தைத்த துணி உன் மேஜைக்கு வருகிறது. கறை இருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்து, தொங்கும் நூல் பிசிறை டிரிம்மரால் வெட்டித் தள்ளுகிறாய். டெய்லருக்குப் பீஸ் ரேட். ஒரு பீஸில் பிசிறு வெட்ட நின்றால் அவனுக்கு அந்த நேரம் நஷ்டம். அது அவன் வேலையும் அல்ல. ஒருநாள் ஒரே ஒருவனின் பண்டல் மட்டும் பிசிறு இல்லாமல் வருகிறது. மறுநாளும் அப்படியே. உன் கதாநாயகி அதை யாரிடமும் சொல்லவில்லை. பண்டல் சீட்டில் இருக்கும் நம்பரை மட்டும் பார்க்கிறாள். சனிக்கிழமை சம்பளத்தில் அவனுக்கு மற்றவர்களைவிடக் குறைவாக வருவதையும் பார்க்கிறாள். இந்த இடத்தில் நீ "காதல்" என்ற சொல்லை எழுதவே வேண்டியதில்லை. அவன் தனக்காக எதை இழக்கிறான் என்பதை அவள் கண்டுபிடித்துவிட்டாள், படிக்கிறவளும் கண்டுபிடித்துவிட்டாள். காதல் கதையின் உயிர் இந்தக் கவனிப்பில் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கண்ணின் நிறம், தோளின் அகலம் எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும்.

3. இருவரையும் பிரித்து வைப்பது எது என்று எழுதத் தொடங்குமுன் முடிவு செய். வில்லி அத்தை, ஒளித்து வைத்த கடிதம், தப்பாகக் கேட்ட போன் பேச்சு இவற்றை வைத்து ஒரு அத்தியாயம் ஓட்டலாம், நாவலை ஓட்ட முடியாது. ஒருவர் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால் தீர்ந்துபோகும் சிக்கலுக்கு வாசகி இருநூறு பக்கம் காத்திருக்க மாட்டாள். தடை அந்த இரண்டு பேரின் குணத்திலேயே இருக்க வேண்டும்.

ஜேன் ஆஸ்டின் இதை எப்படிச் செய்தார் பார். 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' நாவலின் நடுப்பகுதியில் டார்சி எலிசபெத்திடம் திருமணம் கேட்கிறான். கேட்கும்போதே அவள் குடும்பம் தனக்குக் கீழ்ப்பட்டது என்பதையும் சொல்லிக் காட்டுகிறான். பெரும் பணக்காரன், அவளுக்கோ சொத்து கிடையாது. இருந்தும் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறாள். அந்த மறுப்புக்குப் பின்னால்தான் கதையே சூடு பிடிக்கிறது, ஏனென்றால் அவன் தன் கர்வத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது, அவள் தன் அவசரத் தீர்ப்பைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. வெளியாள் யாரும் வந்து அதைச் செய்து கொடுக்க முடியாது. உன் பவர் டேபிள்காரன் கொடுக்க மட்டுமே தெரிந்தவனாக, எதையும் கேட்கத் தெரியாதவனாக இருக்கட்டும். உன் பெண் யாரிடமும் கடன்படக் கூடாது என்று வளர்ந்தவளாக இருக்கட்டும். பிசிறு இல்லாத அந்தப் பண்டலே அவளுக்கு ஒரு கடன் ஆகிவிடும். சண்டைக்கு அது போதும்.

4. இடத்தையும் பொழுதையும் அலங்காரத்துக்கு எழுதாதே. நம்மவர்கள் இதில் உலகத்துக்கே பாடம் எழுதி வைத்திருக்கிறார்கள். தொல்காப்பியம் அகத்திணைக்கு நிலமும் பொழுதும் வகுத்தது. குறிஞ்சிக்கு மலையும் நள்ளிரவும், அங்கே கூடல். முல்லைக்குக் கார்காலமும் மாலையும், அங்கே காத்திருத்தல். மருதத்துக்கு வயலும் விடியலும், அங்கே ஊடல். பாலைக்கு வேனிலும் நண்பகலும், அங்கே பிரிவு. நெய்தலுக்குக் கடற்கரையும் பொழுது சாயும் நேரமும், அங்கே இரங்கல். இரவெல்லாம் வெளியே இருந்தவன் வீடு திரும்பும் நேரம் விடியல் என்பதால் ஊடலுக்கு அந்த நேரம் எவ்வளவு பொருத்தம் என்று யோசித்துப் பார். இன்னொன்று, அகப்பாட்டில் தலைவன் தலைவிக்குப் பெயர் சொல்லக் கூடாது என்றும் அதே இலக்கணம் சொல்கிறது. படிக்கிற யாரும் அந்த இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கலாம்.

உன் ஊரின் பொழுதுகள் உனக்குத் தெரியும். கரண்ட் போய் மெஷின் சத்தம் திடீரென்று நின்று, நூறு பேரின் பேச்சு மட்டும் கேட்கும் அந்தச் சில நிமிடங்கள். ஷிப்மென்ட் நாளின் விடிய விடிய வேலை. சம்பள நாள் மாலையில் சந்தைக்குக் கிளம்பும் கூட்டம். தீபாவளிக்கு ஊரே சொந்த ஊருக்குப் போனபின் வெறிச்சென்று கிடக்கும் லைன் வீடு. எந்தப் பொழுதில் அவர்கள் நெருங்குவார்கள், எதில் சண்டை போடுவார்கள், எதில் ஒருவரை நினைத்து ஒருவர் தவிப்பார்கள் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள். காட்சி தானாக வந்து உட்காரும்.

5. சண்டையைச் சின்னதாக எழுதக் கற்றுக்கொள். காமத்துப்பாலில் 250 குறள்; அதன் கடைசி மூன்று அதிகாரங்களும் ஊடலைப் பற்றியவை. அவற்றில் புலவி நுணுக்கத்தை மட்டுமாவது உரையோடு உட்கார்ந்து படி. அவன் தும்முகிறான், அவள் வழக்கம்போல் வாழ்த்துகிறாள். உடனே, யார் நினைத்ததால் தும்மினாய் என்று அழுகிறாள். சரி என்று அடுத்த தும்மலை அவன் அடக்கிக்கொள்கிறான். உன்னை நினைப்பவளை என்னிடம் மறைக்கிறாயா என்று அதற்கும் அழுகிறாள். ஒரு தும்மலுக்குள் எவ்வளவு ஆசை, எவ்வளவு பயம்! உன் நாவலில் விவாகரத்து நோட்டீஸ் இரண்டு முறை வருகிறது. இரண்டையும் எடுத்துவிடு. அந்த இடத்தில் டீ குடிக்கும் நேரத்தில் ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்கவில்லை என்று வை. அதை நீ நன்றாக எழுதுவாய்.

6. இதைக் கண்டிப்போடு சொல்கிறேன். கடத்திப் போய்த் தாலி கட்டுகிறவன் கதாநாயகன் அல்ல. அறைந்துவிட்டு அணைக்கிறவனும் அல்ல. அவள் வேண்டாம் என்று சொன்னதை வெட்கம் என்று எடுத்துக்கொள்கிறவனும் அல்ல. இந்த மாதிரிக் கதைகள் நிறைய விற்கின்றன, எனக்குத் தெரியும். உன்னோடு வேலை செய்யும் பெண்களில் பதினெட்டு, பத்தொன்பது வயதுக்காரிகள் எத்தனை பேர்? ஹாஸ்டலில் பெட்ஷீட்டுக்குள் போன் வெளிச்சத்தில் படிக்கிறவர்கள் அவர்கள்தான். பின்னால் வந்து தொந்தரவு செய்கிறவனின் முரட்டுத்தனத்துக்குள் அன்பு ஒளிந்திருக்கிறது என்று நாம் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கக் கூடாது. கோபக்காரனை எழுது, தவறு செய்கிறவனை எழுது. அந்தத் தவறுக்கு அவன் அவளிடம் பதில் சொல்லும் காட்சியையும் எழுது. அவளுக்கு மன்னிக்காமல் இருக்கவும் உரிமை உண்டு.

7. சாதி இல்லாத தமிழ்நாடு என்று ஒன்றைக் கற்பனை செய்து அதில் உன் காதலர்களைக் குடிவைக்காதே. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்தின் அருகே, பட்டப்பகலில், சாதி மாறி மணந்ததற்காகச் சங்கர் என்ற இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். அது உன் மாவட்டத்து ஊர். ஒவ்வொரு காதல் கதையிலும் அரிவாள் வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மகிழ்ச்சியான முடிவு தர வேண்டியது நம் கடமை, அதை விட்டுக்கொடுக்காதே. ஆனால் "உங்க சொந்த ஊரு எது, எந்தத் தெரு" என்று வீட்டுக்காரம்மா கேட்கும்போது உன் கதாநாயகன் பதில் சொல்லும் முன் எச்சில் விழுங்குகிறான் என்று ஒரு வரி எழுதினால், அந்த மகிழ்ச்சியின் விலை படிக்கிறவளுக்குப் புரியும். முடிவு இன்னும் இனிக்கும்.

8. வசனத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார். வை.மு. கோதைநாயகி எழுதப் பழகும் முன்பே தன் முதல் நாடகத்தைச் சொல்லச் சொல்ல, தோழி எழுதினார். 1925 முதல் ஜகன்மோகினி இதழை நடத்தி, நூற்றுக்கும் மேல் நாவல் எழுதியவர் அவர். வாயில் வராத வசனம் தாளிலும் நிற்காது. உன் பெண் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரி, அவன் தேனிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். இருவரும் ஒரே மாதிரிப் பேசக் கூடாது. அவள் "ஏனுங்க" என்று தொடங்கட்டும். அவள் எப்போது "ங்க"வை விட்டுவிடுகிறாள் என்பதைச் சரியான அத்தியாயத்துக்கு ஒதுக்கி வை.

9. முடித்ததும் வெளியிடாதே. ஆஸ்டின் 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' நாவலின் முதல் வடிவத்தை 1797-லேயே எழுதி முடித்திருந்தார். அவர் அப்பா பதிப்பகத்தாருக்கு எழுதிக் கேட்டபோது, கைப்பிரதியைப் பார்க்காமலே வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். திருத்தி எழுதிப் புத்தகமாக வந்தது 1813-ல். உனக்கு அத்தனை வருடம் வேண்டாம், ஒரு மாதம் பெட்டிக்குள் வை.

10. பண விஷயம். யார் என்ன சொன்னாலும் எழுத்தில் இல்லாமல் உரிமையைக் கொடுக்காதே. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-ன்படி உரிமை மாற்றம் எழுத்துப்பூர்வமாக, உன் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை காலத்துக்கு என்று அதில் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றுதான் கொள்ளப்படும். உன் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டும் அந்த உரிமை உன்னுடைய, உன் பிள்ளைகளுடைய சொத்து. அச்சு, மின்னூல், ஆடியோ மூன்றையும் தனித்தனியாகப் பேசு; இப்போது யூடியூபில் ஆடியோ நாவலாகக் கேட்கிறவர்கள் மிக அதிகம், "எல்லா உரிமையும்" என்று ஒரு வரியில் எழுதி வாங்கிக்கொண்டால் அது போய்விடும். கிண்டில் அன்லிமிடெட்டில் சேர்த்தால் வாசகர் படித்த பக்கக் கணக்குக்குத்தான் பணம் வரும். அதற்காகக் கதையை இழுக்காதே. ஒப்பந்தத் தாள் எது வந்தாலும் கையெழுத்துப் போடும் முன் எனக்கு அனுப்பு.

11. அடுத்த முறை ஊருக்கு வரும்போது முதல் மூன்று அத்தியாயங்களைத் தாளில், வரிக்கு வரி இடம் விட்டு அச்செடுத்துக் கொண்டு வா. எஸ்டேட்காரனை விட்டுவிட்டுப் பண்டல் சீட்டிலிருந்து தொடங்கு. அவன் பெயரை நீ இன்னும் முடிவு செய்யவில்லை என்றால் பரவாயில்லை, நம்பரே போதும்.