துவையல் தவசும் குடியை விட்டவரும்



துவையல் தவசுக்கு அய்யா வைகுண்டர் அமர்த்திய 700 குடும்பங்களும் கடலில் நீராடி, உடுத்த துணியைத் துவைத்தன. ஒருநாளோடு முடிந்ததல்ல அது, நாள்தோறும் நடந்தது. யாரும் தனியே செய்யவில்லை.

குடியை விட்டவர் நிலையும் அதுவே. உடல் தெளிந்த பிறகும் ஆசை மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். மீன்சுருட்டிப் பக்கத்தில் முந்திரிக் கூலி கைக்கு வரும் சாயங்காலம், பழைய கூட்டாளி, வீட்டுச் சண்டை, வெறும் வயிறு, இவை அதை எழுப்பும். கூலியை மனைவியிடம் கொடுத்து, சாப்பிட்டுவிட்டு, நிழல் தாங்கலில் பணிவிடைக்கு வந்து நிற்பவருக்கு அந்த ஒரு மணி நேரம் கடந்துவிடும்.

நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். பதமும் திருமண்ணும் போதும் என்று இருந்துவிடாமல் மருத்துவரையும் பார்க்க வேண்டும். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய சிகிச்சை நிலையத்தில் குடும்பத்தாருக்கும் ஆலோசனை உண்டு. குடிக்கிறவரைவிட அவர்களே அதிகம் களைத்திருப்பார்கள்.

இடையில் ஒருவர் தவறிக் குடித்துவிட்டால் வெட்கத்தில் தாங்கல் பக்கமே வரமாட்டார். வாசலில் நிறுத்தி விசாரித்தால் மறுபடி கடைக்கே போவார். மறுநாள் விடியுமுன் உகப்படிப்புக்கு அழைக்க, அவர் வீட்டுக்கு ஓர் அன்பர் போக வேண்டும்.