கிளட்ச் பிளேட்டைவிடக் கூலி அதிகமா?

காரைப் பட்டறையில் விடும்போது ஸ்பேர் விலையில் பெரிய குழப்பம் வருவதில்லை. பெட்டியின் மேல் எம்.ஆர்.பி. அச்சாகியிருக்கும், சந்தேகம் என்றால் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கி விசாரித்துவிடலாம். எஸ்டிமேட்டில் ‘லேபர்’ என்று எழுதிய வரிக்கு அப்படி ஒரு பெட்டி கிடையாது. அதனாலேயே அதைச் சுற்றி ஏகப்பட்ட நம்பிக்கைகள் வளர்ந்திருக்கின்றன. சில மெக்கானிக்கின் வயிற்றில் அடிக்கின்றன, சில நம் சட்டைப்பையைக் காலி செய்கின்றன.

நம்பிக்கை: பாகத்தின் விலையைவிடக் கூலி அதிகம் என்றால் அது ஏமாற்று.

இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. பாகம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் கூலியைத் தீர்மானிக்கிறது. கிராங்க்‌ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீல் ஒரு சின்ன ரப்பர் வளையம். ஆனால் அது இருப்பது எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில். முன்சக்கரம் இழுக்கும் கார் என்றால் கியர் ஆயிலை வடித்து, டிரைவ் ஷாஃப்ட் இரண்டையும் உருவி, மவுண்டிங் கழற்றி, கியர்பாக்ஸை இறக்கி, கிளட்சையும் பிளைவீலையும் எடுத்த பிறகுதான் அந்த வளையம் கண்ணிலேயே படும். அப்புறம் அத்தனையையும் திரும்ப ஏற்ற வேண்டும். ஏ.சி. கூலிங் காயில் கசிந்தால் பல கார்களில் டேஷ்போர்டையே முழுதாக இறக்க வேண்டியிருக்கும். பேட்டரி இதற்கு நேர் எதிர்: விலை ஆயிரக்கணக்கில், மாற்றுவது பெரும்பாலான கார்களில் கால் மணி நேர வேலை. அதற்குப் பாக விலையில் பத்தில் ஒரு பங்கு கூலி கேட்டாலும் அதிகம் என்றே சொல்வேன்.

நம்பிக்கை: மூணு மணி நேரத்தில் முடித்துவிட்டு அஞ்சு மணி நேரக் கூலி கேட்பது அநியாயம்.

கார் நிறுவனங்கள் ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை மணி நேரம் என்று நிர்ணயித்து வைத்திருக்கின்றன. அந்த நேரத்தை மணிக்கூலியால் பெருக்கினால் வருவதுதான் லேபர். மணிக்கு 600 ரூபாய், வேலைக்கு 5 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் 3,000 ரூபாய். கைதேர்ந்தவர் மூன்றே மணியில் முடித்தாலும் அதே தொகைதான். புதிதாகத் தொழில் பழகுபவர் ஒரு முழு நாள் மல்லுக்கட்டினாலும் அதே தொகைதான். தாமதமானதற்குக் கூடுதலாகக் கொடுக்க மாட்டோம் என்கிற நாம், சீக்கிரம் முடித்ததற்காகக் குறைக்கச் சொல்வது சரியில்லை. இருபது வருஷம் கையில் கிரீஸோடு நின்று சம்பாதித்த வேகம் அது. சிறு பட்டறைகளில் மணிக்கணக்கு இருக்காது, வேலைக்கு இத்தனை என்று மொத்தமாகச் சொல்வார்கள். அதே மாடலுக்கு அதே வேலையை இன்னும் இரண்டு இடத்தில் விசாரித்தால் நிலவரம் புரிந்துவிடும்.

நேரக் கணக்கில் உண்மையாகவே பணம் கசியும் இடம் வேறு. ஒரே கழற்றலுக்கு இரண்டு முறை கூலி விழுவதுதான் அது. கிளட்ச் மாற்றக் கியர்பாக்ஸை இறக்கியாகிவிட்டது. கையோடு மேலே சொன்ன ஆயில் சீலையும் மாற்றினால், பிளைவீலைக் கழற்றிச் சீலைப் பெயர்த்துப் புதிதை அடிக்கும் நேரம் மட்டுமே கூடுதல். எஸ்டிமேட்டில் கிளட்சுக்கு 5 மணி, சீலுக்கு இன்னொரு 5 மணி என்று இருந்தால், இல்லாத இரண்டாவது கியர்பாக்ஸை இறக்கக் காசு கேட்கிறார்கள் என்று பொருள். பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் இரண்டுக்கும் பொதுவாகத் தனிக் கூலியே வரக் கூடாது. ரெனோ டஸ்டரின் 1.5 லிட்டர் டீசல் எஞ்சினில் வாட்டர் பம்பைச் சுழற்றுவதே டைமிங் பெல்ட்தான். பெல்ட் மாற்றும்போது பம்பையும் மாற்றினால் பெல்ட் கழற்றும் கூலி ஒருமுறைதான். ஒவ்வொரு வேலையையும் தனித்தனியாகக் கம்ப்யூட்டரில் தட்டும்போது, ஏமாற்றும் எண்ணம் இல்லாமலேகூட இந்த இரட்டிப்பு நுழைந்துவிடும். எனவே ஒவ்வொரு லேபர் வரிக்கும், “அண்ணே, இதுக்கு எதையெல்லாம் இறக்கணும்?” என்று கேளுங்கள். இரண்டு வரிக்கு ஒரே பதில் வந்தால் அங்கே பேசலாம். இதே காரணத்தால், “பாக்ஸ் இறங்கியிருக்கு சார், சீலையும் மாத்திடலாம்” என்று அவர் சொல்வதை வியாபார தந்திரம் என்று ஒதுக்காதீர்கள். ஆறு மாதம் கழித்துச் சீல் கசிந்தால் முழுக் கூலியும் மறுபடி உங்கள் தலையில்தான்.

நம்பிக்கை: குறைவாகச் சொல்பவரே நேர்மையானவர்.

எதை விட்டுவிட்டுக் குறைத்தார் என்று பார்க்க வேண்டும். லோயர் ஆர்ம் மாற்றினால் வீல் அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும். அது எஸ்டிமேட்டில் இல்லையென்றால் இன்னொரு கடையில் தனியாகக் கட்டுவீர்கள், இல்லாவிட்டால் டயர் ஒருபக்கமாகத் தேயும். கூலியைக் குறைத்து ஸ்பேரில் ஈடுகட்டுவதும் உண்டு. பாகத்தின் பிராண்டை எழுதி வாங்குங்கள், கழற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

நம்பிக்கை: ஸ்கேனர் மாட்டினால் மெஷினே கோளாறைச் சொல்லும், சோதிக்க எதற்குக் காசு?

ஸ்கேனர் காட்டுவது ஒரு எண்ணை. பி0420 என்று வந்தால் கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் திறன் குறைந்ததுபோல் தெரிகிறது என்று மட்டுமே அர்த்தம். கன்வெர்ட்டர் செத்திருக்கலாம், ஆக்சிஜன் சென்சார் தவறாகச் சொல்லலாம், புகைக்குழாயில் ஓட்டை இருக்கலாம். எது என்று தேடிப் பிடிப்பது மனித வேலை, அதற்குக் கூலி உண்டு. அந்தத் தேடலுக்குப் பணம் தர மறுத்து, எண்ணை மட்டும் நம்பி கன்வெர்ட்டரை மாற்றினால் இழப்பு பல மடங்கு. ரிப்பேரையும் அங்கேயே கொடுத்தால் சோதனைக் கட்டணத்தைக் கழிப்பார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

நம்பிக்கை: வெளியே கை வைத்தால் வாரண்டி போச்சு.

இந்தப் பயத்தில்தான் பலர் அதிகக் கூலியைக் கேள்வி கேட்காமல் கட்டுகிறார்கள். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அந்த ஆணையிலேயே, வெளி மெக்கானிக்கிடம் போனதற்காக மட்டும் வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும், வெளியே செய்த தவறான ரிப்பேரால் சேதம் வந்தால் அந்த அளவுக்கு மறுக்கலாம் என்றும் சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஆகவே வாரண்டி காலத்தில் எஞ்சின், கியர்பாக்ஸ் போன்ற பெரிய வேலைகளை நிறுவன சர்வீஸ் சென்டரிலேயே வைத்துக்கொள்ளலாம். பஞ்சர், பேட்டரி, பிரேக் பேட் போன்றவற்றுக்குக் கூலியை வெளியேயும் விசாரிக்கத் தயங்க வேண்டாம்.

நம்பிக்கை: பில் வேண்டாம் என்றால் 18 சதவீதம் மிச்சம்.

ரிப்பேர் கூலிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். உதிரி பாகங்களும் 2025 செப்டம்பர் 22 முதல் இதே விகிதத்துக்கு வந்துவிட்டன. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத சிறு பட்டறை பொதுவாகப் பதிவு செய்யத் தேவையில்லை. பதிவு இல்லாதவர் ஜிஎஸ்டி என்று தனியாக வசூலிக்கவும் கூடாது. அவரிடமும் செய்த வேலை, பாகம், கூலி மூன்றையும் தேதியோடு எழுதி வாங்கலாம். மாற்றிய ரிலீஸ் பேரிங் அடுத்த மாதமே மறுபடி கத்தினால் அந்தத் தாள்தான் பேசும். பட்டறையில் தீராவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனு போடக் கட்டணமும் இல்லை.