அப்பாவின் நினைவாக 39 கார்கள்

ஒரு வண்டி பழசாகி ஓடாமல் போனால் என்ன செய்வோம்? காயலான் கடையில் போடுவோம். எடை போட்டுப் பணம் தருவார்கள். அதோடு அந்த வண்டியை மறந்து விடுவோம்.

ஆனால் ஒரு குடும்பம் பழைய கார்களைச் சேர்த்தது. மரம் நடுவது போல அவற்றை நிலத்தில் நட்டது! அந்தக் கதையைப் படிப்போமா?

அமெரிக்காவில் நெப்ராஸ்கா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அங்கே அலையன்ஸ் என்பது ஒரு சிறிய ஊர். ஊருக்குப் பக்கத்தில், சாலை ஓரத்தில் ஒரு பண்ணை. ஜிம் ரெய்ண்டர்ஸ் என்பவரின் அப்பா ஒரு காலத்தில் அங்கே வாழ்ந்தார். 1982ஆம் ஆண்டு அவர் இறந்து போனார்.

சாவுக்கு உறவினர்கள் வந்தார்கள். அப்பாவுக்கு ஒரு நினைவுச் சின்னம் வேண்டும் என்று பேசிக் கொண்டார்கள். "ஐந்து ஆண்டு கழித்து எல்லோரும் இங்கே கூடுவோம். அப்போது கட்டுவோம்" என்று முடிவு செய்தார்கள்.

சாவு வீட்டில் நாமும் இப்படிப் பலதும் பேசுவோம். பிறகு அவரவர் வேலையில் மறந்து விடுவோம். அவர்கள் மறக்கவில்லை. 1987 ஜூன் மாதம் சுமார் 35 பேர் வந்து சேர்ந்தார்கள்.

என்ன கட்டுவது? ஜிம் சில காலம் இங்கிலாந்தில் இருந்தவர். அந்த நாட்டில் ஸ்டோன்ஹெஞ்ச் என்ற இடம் இருக்கிறது. அங்கே மிகப் பெரிய கற்கள் வட்டமாக நிற்கின்றன. சில கற்களின் மேல் உத்தரம் போல வேறு கற்கள் கிடக்கின்றன. சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் அவற்றை நிறுத்தினார்கள். அதைப் போலவே கட்ட ஜிம் விரும்பினார். கல்லுக்குப் பதில் பழைய கார்!

எல்லோரும் சேர்ந்து வேலை செய்தார்கள். ஐந்து அடி ஆழத்துக்குக் குழி தோண்டினார்கள். காரின் டிக்கிப் பக்கம் குழிக்குள் போனது. முன்பக்கம் வானத்தைப் பார்த்து நின்றது. அவற்றின் மேல் வேறு கார்களை உத்தரம் போல வைத்து, வெல்டிங் செய்தார்கள். கல் போலத் தெரிய வேண்டும் என்று சாம்பல் நிறம் பூசப்பட்டது. வட்டத்தின் அகலம் 96 அடி. கார்கள் மொத்தம் 39. அதற்குக் கார்ஹெஞ்ச் என்று பெயர் வந்தது.

ஆனால் ஊரில் எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. "சாலை ஓரத்தில் குப்பையா?" என்று கேட்டார்கள். இதை அகற்ற வேண்டும் என்று ஊர் நிர்வாகம் நினைத்தது. அவர்கள் பயத்திலும் நியாயம் உண்டு. ஓடாத கார்களைச் சும்மா போட்டு வைத்தால் துருப் பிடிக்கும். எண்ணெய் மண்ணில் கசியும்.

அப்போது ஊர் மக்களில் சிலர் ஒன்று சேர்ந்தார்கள். "இது குப்பை அல்ல, கலை" என்றார்கள். கார்ஹெஞ்ச் நண்பர்கள் என்று ஒரு குழு அமைத்தார்கள். அதைக் காப்பாற்றினார்கள், பராமரித்தார்கள். 2013ஆம் ஆண்டு அந்தக் குழு கார்ஹெஞ்சை அதே ஊருக்குக் கொடுத்தது. ஊரும் வாங்கிக் கொண்டது! இன்று வெளியூர்க்காரர்கள் அதைத் தேடி வந்து பார்க்கிறார்கள்.

நம் நாட்டிலும் இது போல நடந்தது. சண்டிகரில் நேக் சந்த் என்பவர் சாலை ஆய்வாளராக வேலை செய்தார். உடைந்த வளையல், ஓடு, பீங்கான் எல்லாம் பொறுக்கினார். அரசு நிலத்தில், யாருக்கும் தெரியாமல், பல ஆண்டுகள் சிலைகள் செய்தார். அதிகாரிகள் கண்டுபிடித்த போது இடித்து விடுவார்களோ என்ற நிலை வந்தது. மக்கள் ஆதரவாக நின்றார்கள். 1976ஆம் ஆண்டு அது ராக் கார்டன் என்ற பெயரில் எல்லோருக்கும் திறந்து விடப்பட்டது.

எங்கள் வகுப்பில் கார்ஹெஞ்ச் கதையைச் சொன்னேன். ஓர் அக்கா வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கப்பா சைக்கிளைக் காயலான் கடையில போட்டுட்டேன் தம்பி. இப்ப அவர் ஞாபகமா ஒண்ணும் இல்ல" என்றார்.

"அந்த சைக்கிளைப் பற்றி எழுதுங்கள் அக்கா" என்றேன்.

அன்று அவர் நான்கு வரி எழுதினார். எழுத்துக்கூட்டி எல்லோருக்கும் படித்துக் காட்டினார். "இதுவும் நினைவுச் சின்னந்தானே?" என்று கேட்டார்.

ஆம். அதுவும் நினைவுச் சின்னந்தான்.

பேசுவோம்

1. கார்ஹெஞ்சை அகற்ற நினைத்தது ஏன்? நீங்கள் அந்த ஊரில் இருந்தால் என்ன சொல்வீர்கள்?
2. உங்கள் ஊரில் குப்பை என்று ஒதுக்கிய பொருள் எதற்காவது பயன்பட்டது உண்டா?

கணக்கு

கார்ஹெஞ்ச் 1987இல் கட்டப்பட்டது. 2013இல் ஊருக்குக் கிடைத்தது. இடையில் எத்தனை ஆண்டுகள்?

எழுதுவோம்

உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் பயன்படுத்திய பொருள் எது? அதைப் பற்றி நான்கு வரி எழுதுங்கள். வீட்டில் உள்ளவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.