வட்டில் இடம் எவ்வளவு மீதி? வாரம் ஒருமுறை இருப்புப் பார்ப்போம்



கிடங்கில் சர்க்கரை எத்தனை மூட்டை இருக்கிறது என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் உடனே சொல்லிவிடுவோம். பில் போடும் கணிப்பொறியின் ஹார்டு டிஸ்கில் எவ்வளவு இடம் மீதி என்று கேட்டால் விழிப்போம். அப்படி விழித்ததால் ஒரு தீபாவளிச் சமயத்தில் நாம் அரை நாள் வியாபாரத்தை இழந்தோம்.

நம் கடையில் தினமும் இரவு கணக்குக்கு நகல் எடுப்பது வழக்கம். நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த நகல்கள் எல்லாம் அதே டிஸ்கில் சேர்ந்துகொண்டே போனதை எவரும் கவனிக்கவில்லை. பண்டிகைக்கு மூன்று நாள் இருக்கையில் டிஸ்க் நிரம்பிவிட்டது. பில் பாதியில் நின்றது. கூட்டம் நிற்கும் பதற்றத்தில் கடைப் பையன், "பழைய வருஷக் கணக்குதானே, அழிச்சுடலாம் அண்ணாச்சி" என்று கை வைக்கப் போனான். நல்ல வேளையாகத் தடுத்தோம்.

ஏன் தடுத்தோம்? 2017ஆம் ஆண்டின் மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம், 36ஆம் பிரிவின்படி, ஓர் ஆண்டின் கணக்குகளை அந்த ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். மேல்முறையீடோ விசாரணையோ இருந்தால், அது முடிந்து ஓராண்டு வரையோ இந்த 72 மாதமோ, எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும். இடம் இல்லை என்று கணக்கை அழித்தால் அதிகாரி கேட்கும்போது பதில் இராது.

முன்கூட்டியே இடம் பார்த்துக்கொள்ளும் எளிய வழி இதோ.

1. விண்டோஸ் விசையை அழுத்தியபடி 'ஆர்' விசையைத் தட்டுங்கள். சிறு பெட்டி ஒன்று வரும்.

2. அதில் சி, எம், டி என்ற மூன்று எழுத்துகளைச் சேர்த்து அடித்து என்டர் தட்டுங்கள். கறுப்புத் திரை திறக்கும்.

3. டி, ஐ, ஆர் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சி எழுத்தும் அதையொட்டி மேலும் கீழுமான இரட்டைப் புள்ளியும் அடித்து என்டர் தட்டுங்கள்.

4. பெயர்களாக ஒரு பட்டியல் ஓடும். அதை விட்டுவிடுங்கள். கடைசி வரியில் உள்ள பெரிய எண்தான் மீதி இடம், பைட் கணக்கில்.

கணக்கு வேறு டிஸ்கில் இருந்தால் சிக்குப் பதில் டி அல்லது ஈ என்று அடிக்கவும். கறுப்புத் திரை என்று அஞ்ச வேண்டாம். இந்தக் கட்டளை காட்டுமே தவிர எதையும் அழிக்காது. ஃபார்மட், டெல் போன்ற கட்டளைகள் ஆபத்தானவை, தெரியாமல் அடிக்காதீர்கள்.

பெரிய எண்ணைப் படிப்பது எப்படி? வலப்பக்கத்திலிருந்து ஒன்பது இலக்கங்களை மறைத்துவிடுங்கள். 45,097,156,608 என்று வந்தால் மிச்சம் 45. இதையே விண்டோஸின் மற்ற திரைகள் 42 ஜிபி என்று காட்டும். டிஸ்க் விற்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள். விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. 500 ஜிபி என்று வாங்கிய டிஸ்க் 465 என்று காட்டுவதும் இதனால்தான். எடை குறைத்துவிட்டார்கள் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்!

லினக்ஸ் வைத்திருப்போர் டி, எஃப் என்று அடித்து, இடைவெளி விட்டு, சிறு கோடும் எச் எழுத்தும் சேர்த்து அடிக்கவும். எல்லாம் சிறிய எழுத்தில் இருக்க வேண்டும். நான்காவது பத்தியில் இருப்பதே மீதி இடம். மொத்தத்திலிருந்து செலவானதைக் கழித்துப் பார்த்தால் சில சமயம் கூடுதலாக வரும். ஒரு பகுதி நிர்வாகிக்கென ஒதுக்கப்பட்டிருப்பதே காரணம். நான்காவது பத்தியையே நம்புங்கள்.

இனி முக்கியமானது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் கடை திறந்ததும் இந்த எண்ணைப் பேரேட்டின் ஓரத்தில் குறித்து வையுங்கள். சென்ற வாரம் 45, இந்த வாரம் 42 என்றால் வாரத்துக்கு 3 குறைகிறது. 20 வந்ததும் விழித்துக்கொள்வது என்று நாம் வைத்திருக்கிறோம். அந்தக் கணக்கில் இன்னும் 22 உண்டு; ஏறக்குறைய ஏழு வாரம். பண்டிகை அதற்குள் வருமா என்று பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடம் குறைந்தால், பழைய நகல்களைத் தனி டிஸ்கில் ஏற்றி, வேறொரு கணிப்பொறியில் திறந்து சரிபார்த்த பிறகே இங்கே அழிக்கவும். தினசரி நகலையும் தனி டிஸ்கிலேயே எடுப்பது நல்லது. கணக்கும் நகலும் ஒரே டிஸ்கில் இருந்தால் அது பழுதாகும்போது இரண்டும் சேர்ந்தே போகும்.

இரண்டு நிமிட வேலைதான். இதைப் படித்து முடித்ததும் ஒருமுறை அடித்துப் பார்த்து, முதல் எண்ணை இன்றே குறித்துவிடுங்கள்.