பாட்டிக்கு ஆபரேஷன் வேண்டாமா?

குளியலறையில் வழுக்கி விழுந்த எண்பது வயதுப் பாட்டிக்கு இடுப்பு எலும்பு முறிவு. டாக்டர் "ஆபரேஷன்" என்றதும் ஆஸ்பத்திரி வராந்தாவில் கூடிய உறவினர்கள் பேசத் தொடங்குவது பெரும்பாலும் ரத்தத்தைப் பற்றித்தான்.

நம்பிக்கை: "இந்த வயசுல ரத்தம் போனா உடம்பு தாங்காது. கட்டுப் போட்டுப் படுக்க வச்சிடலாம்."

உண்மை: ரத்தம் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது. எலும்பு முறிந்த நிமிடத்திலிருந்தே தொடைச் சதைக்குள் கசிகிறது. வெளியே ஒரு சொட்டும் தெரியாது. இடுப்பு முறிவு என்பது தொடை எலும்பின் மேல்முனை முறிவதுதான். அந்த எலும்பின் கழுத்து, மூட்டு உறைக்குள் இருக்கிறது. அங்கே முறிந்தால் ரத்தம் பரவ இடம் குறைவு. உறைக்கு வெளியே, சற்றுக் கீழே முறிந்தால் அணை கிடையாது. கத்தி படுவதற்கு முன்பே ஹீமோகுளோபின் இறங்கிவிடும். சேர்த்த அன்று 12 என்று வந்த ரிப்போர்ட்டைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். தண்ணீர் குடிக்காமல் கிடந்த உடம்பில் ரத்தம் கெட்டியாக இருப்பதால் அளவு கூடுதலாகத் தெரியும். ஆபரேஷனில் ரத்தத்தை உறிஞ்சி எடுக்கும் பாட்டிலில் சேர்வதும் மொத்த இழப்பில் ஒரு பகுதிதான். படுக்கவே வைத்தாலோ படுக்கைப்புண், நிமோனியா, காலில் ரத்தக்கட்டி என்று வரிசையாக வரும். சேர்த்த அன்றோ மறுநாளோ அறுவை சிகிச்சை என்பது பிரிட்டனின் வழிகாட்டுதல்.

நம்பிக்கை: "ரத்தத்தை நிறுத்த ஊசி போட்டா மாரடைப்பு வந்துடும்."

உண்மை: அந்த ஊசியின் பெயர் டிரானெக்சாமிக் அமிலம். பிரசவத்தில் ரத்தம் வடிந்து சாகும் பெண்களைக் காப்பாற்ற வேண்டும் என்று ஜப்பானில் ஒகமோட்டோ தம்பதியர் கண்டுபிடித்து 1962இல் வெளியிட்டது. மாதவிடாயில் அதிகம் உதிரம் போனால் தரப்படுகிற மாத்திரையும் இதுதான். உங்கள் வீட்டு மருந்து டப்பாவிலேயே இருக்கலாம். இது புதிதாக ரத்தத்தை உறைய வைப்பதில்லை. உறைந்து அடைத்த இடம் சீக்கிரம் கரைந்துவிடாமல் காக்கிறது, அவ்வளவே. பலவகை அறுவை சிகிச்சைகளில் 9,535 பேரிடம் நடந்த ஆய்வு 2022இல் வெளியானது. மோசமான ரத்தப்போக்கு 11.7 சதவீதத்திலிருந்து 9.1 ஆகக் குறைந்தது. இதயம், மூளை, ரத்தக்குழாய் சிக்கல்கள் மருந்து பெற்றவர்களில் 14.2 சதவீதம், பெறாதவர்களில் 13.9. வித்தியாசம் சிறியது, ஆனாலும் ஆபத்து துளியும் இல்லை என்று ஆய்வாளர்களே அடித்துச் சொல்லவில்லை. அண்மையில் ஸ்டென்ட் வைத்தவர், பக்கவாதம் வந்தவர், சிறுநீரகம் பழுதானவர் என்றால் டாக்டர் யோசித்துத்தான் கொடுப்பார்.

நம்பிக்கை: "ஹீமோகுளோபின் பத்துக்குக் கீழே போனா ரத்தம் ஏத்தியே ஆகணும்."

உண்மை: இதைப் பல டாக்டர்களும் நம்பிய காலம் உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை முடிந்த 2,016 பேரிடம் சோதித்தார்கள். இதயநோயோ அதற்கான வாய்ப்போ உள்ள முதியவர்கள் அவர்கள். ஒரு பாதிக்குப் பத்துக்குக் கீழே இறங்கினால் ரத்தம்; மறுபாதிக்கு எட்டுக்குக் கீழே இறங்கினாலோ, நெஞ்சுவலி போன்ற அறிகுறி வந்தாலோதான். 2011இல் வந்த முடிவில், அறுபது நாள் கழித்து நடமாட்டத்திலும் உயிர் பிழைப்பதிலும் இரு தரப்புக்கும் வித்தியாசமில்லை. இரண்டாம் தரப்பில் பத்தில் ஆறு பேருக்கு ஒரு யூனிட்கூட ஏற்றவில்லை. வயதான இதயத்துக்கு அவசரமாக ஏறும் ரத்தமே பாரமாகி நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதும் உண்டு.

நம்பிக்கை: "மாதுளையும் பீட்ரூட்டும் கொடுத்து ரத்தம் ஊறின பிறகு பண்ணலாம்."

உண்மை: தாராளமாகக் கொடுங்கள். ரத்தம் ஊற வாரங்கள் ஆகும். முறிந்த எலும்பு காத்திருக்காது.

நம்பிக்கை: "ஆஸ்பிரினை நிறுத்தி ஒரு வாரம் கழிச்சுதான் ஆபரேஷன்."

உண்மை: ஆஸ்பிரினுக்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு வைட்டமின் கே கொடுத்து அதன் வேகத்தைத் தணிக்கலாம். அதே வேலைக்கான புதிய வகை மாத்திரைகளில் கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதை வைத்தே நேரம் குறிப்பார்கள். ஆகவே ஆம்புலன்ஸில் ஏறும்போது பாட்டியின் மாத்திரை அட்டைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி வேளை எப்போது சாப்பிட்டார் என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதி அதோடு வையுங்கள்.