ஒரு மைக்ரோ விநாடி வெளிச்சம்

சாங்கி வில்லேஜில் என் வீட்டு மேசையில் போன மாதம் இரண்டு லேசர் டயோடுகள் அடுத்தடுத்துச் செத்தன. தப்பு என்னுடையதுதான். ஏன் செத்தன என்று புரிய, முதலில் எல்இடிக்கு ஒரு துடிப்புச் சுற்று கட்டிப் பார்ப்போம்.

டிவி ரிமோட்டில் இருக்கும் அகச்சிவப்பு எல்இடியை எடுத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து எரித்தால் பொதுவாக 100 மில்லி ஆம்பியர் வரைதான் தாங்கும். ஆனால் ஒரு மைக்ரோ விநாடி மட்டும் என்றால் 1 ஆம்பியரையே தாங்கும் வகைகள் உண்டு. விநாடிக்கு 1,000 துடிப்பு கொடுத்தாலும் சராசரி 1 மில்லி ஆம்பியர்தான். சூடாக அதற்கு நேரமே கிடைக்காது.

பாகங்கள் எல்லாம் சிம் லிம் டவரில் கிடைக்கும். லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போகலாம். 12 வோல்ட்டிலிருந்து 120 ஓம் தடை (1 வாட் வாங்குங்க) வழியாக 1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் மின்னேற்றம் பெறும். கெப்பாசிட்டரிலிருந்து 8.2 ஓம், எல்இடி, மாஸ்ஃபெட், கடைசியில் 1 ஓம் என்று வரிசையாகத் தரைக்கு. மாஸ்ஃபெட்டின் கேட்டை ஆர்டுயினோ நேராகத் தள்ளினால் மந்தமாகத்தான் திறக்கும். நடுவில் டிசி4427 போன்ற கேட் டிரைவர் வையுங்கள். ஆசிலோஸ்கோப்பில் 1 ஓம் தடையின் மேல் 1 வோல்ட் தெரிந்தால் 1 ஆம்பியர் ஓடுகிறது என்று அர்த்தம்.

அந்த 120 ஓம் ஏன்? புரோகிராம் சிக்கி மாஸ்ஃபெட் திறந்தபடியே நின்றாலும், எல்இடிக்கு 82 மில்லி ஆம்பியருக்கு மேல் போகாது. பிழைத்துக்கொள்ளும்.

இதே சுற்றில் எல்இடிக்குப் பதிலாக லேசரை, அதுவும் 10 செ.மீ. ஒயரில் மாட்டினேன். ஒரு சென்டிமீட்டர் ஒயருக்கு ஏறக்குறைய 10 நானோ ஹென்றி தூண்டம் உண்டு. 1 ஆம்பியரை 20 நானோ விநாடியில் நிறுத்தினால், அந்த 10 செ.மீ.யில் 5 வோல்ட் எழும்பும். அது ஊசலாடித் தலைகீழாகத் திரும்பும்போது, 2 வோல்ட் எதிர் மின்னழுத்தமே தாங்கும் சிவப்பு லேசர் என்ன செய்யும்? முதலாவது போச்சு.

ஒயரைக் குட்டையாக்கி, லேசரின் கால்களிலேயே ஒரு வேகமான டயோடை எதிர்த்திசையில் பற்றவைத்தேன். ஆனாலும் "சராசரி குறைவுதானே" என்று மின்னோட்டத்தை ஏற்றினேன் பாருங்க, அங்கேதான் பாடம். எல்இடியைக் கொல்வது பெரும்பாலும் சூடு. லேசரிலோ ஒளியே அதன் முகப்பை எரித்துவிடும். அதற்கு நானோ விநாடிகள் போதும். சராசரி அதைக் காப்பாற்றாது.

1962இல் ராபர்ட் ஹால் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் இயக்கிய முதல் குறைக்கடத்தி லேசரும் துடிப்பில்தான் ஓடியது, அதுவும் திரவ நைட்ரஜன் குளிரில். அறை வெப்பத்தில் தொடர்ந்து எரிய 1970 ஆனது.

கண்ணுக்கும் சராசரி கணக்கு உதவாது. மங்கலாகத் தெரியும் துடிப்பின் உச்சம் விழித்திரையைச் சுடலாம். அகச்சிவப்பு என்றால் இமைக்கக்கூடத் தோன்றாது. 3பி, 4 வகை லேசர்களுக்கு இங்கே தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் வேண்டும். எங்கள் சன்னல் பக்கமாக விமானங்கள் இறங்குவதால், சோதனையெல்லாம் மூடிய அட்டைப்பெட்டிக்குள்தான் செய்கிறேன்.

மூன்றாவது டயோடை 20 மில்லி ஆம்பியரில் தொடங்கி, டேட்டாஷீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறேன். இன்னும் உயிரோடு இருக்கிறது.