உள்தட்டை உருவிப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 46 வயது. ரொறன்ரோவில், மல்வேர்னில் இருக்கிறோம். ஒரு களஞ்சியத்தில் எட்டு மணித்தியாலம் நின்று செய்கிற வேலை. நாலு வருடமாக ஓடிக்கொண்டிருந்தேன். பத்துக் கிலோமீற்றர் வரை வந்தது. போன வருடம் தொடக்கம் இடது காலில் மூன்றாம், நாலாம் விரல்களுக்கு நடுவில் நெருப்புப் பட்டதுபோல எரிவு. பிறகு இரண்டு விரலும் விறைத்துவிடும். மேஸ் சுருண்டு கிடக்கிறதாக்கும் என்று சப்பாத்தைக் கழற்றிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. மூன்று சோடி மாற்றிவிட்டேன். கடைசியாக வாங்கியது 250 டொலர், பஞ்சு மாதிரி. அதிலும் இரண்டு கிலோமீற்றரில் எரிவு வந்துவிடுகிறது. அக்கா, இனி எனக்கு ஓட்டம் சரிவராதா? எந்தச் சப்பாத்து வாங்கலாம்?

பதில்: தங்கச்சி, அனேகமாகச் சரிவரும். சப்பாத்தின் பெயருக்குப் போகமுன்னர், உங்கள் கடிதத்திலேயே இருக்கிற ஒரு வரியைப் பிடித்துக்கொள்கிறேன். சுருளாத மேஸ் சுருண்டு கிடப்பதாகத் தோன்றுவது, அதுவும் மூன்றாம் நாலாம் விரல்களுக்கு நடுவில். சிலர் கூழாங்கல்லை மிதித்தது போல என்பார்கள். சப்பாத்தைக் கழற்றிப் பாதத்தைப் பிசைந்துவிட்டால் சில நிமிடத்தில் அடங்குகிறதா? அப்படியென்றால் ‘மோர்ட்டன் நியூரோமா’ என்கிற நரம்புத் தடிப்பாக இருக்க இடமுண்டு. பிலடெல்பியாவில் இருந்த தோமஸ் மோர்ட்டன் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் 1876இல் இதைப்பற்றி எழுதினார். அவருடைய பெயரே நிலைத்துவிட்டது. பெயரின் கடைசிப் பகுதியைப் பார்த்துப் புற்றுநோயோ என்று பயப்படாதீர்கள். விரல்களுக்குப் போகிற நரம்பு முன்பாதத்து நீள எலும்புகளுக்கு இடையால், ஒரு தசைநாருக்குக் கீழாகப் போகிறது. பக்கவாட்டில் நெருக்கினாலும், விரலடியில் பாதம் திரும்பத் திரும்ப மடங்கினாலும் நரம்பு அங்கே நசிந்து, சுற்றியுள்ள இழையம் தடித்துப்போகும். ஆண்களைவிடப் பெண்களுக்கே கூடுதலாக வருகிறது.

ஆனால் கடிதத்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. குடும்ப வைத்தியரிடம் அல்லது பாத வைத்தியரான கிரோபடிஸ்டிடம் காட்டுங்கள். அந்த இடத்தைக் கையால் அழுத்திப் பார்த்தே நிறையக் கண்டுபிடிப்பார்கள். வேண்டுமானால் அல்ட்ராசவுண்ட் எடுப்பார்கள்.

இந்த இடத்தில் உங்களைத் தாண்டி மற்ற வாசகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் ஆட்களிடம் கால் எரிவு என்றதும் நான் முதலில் கேட்பது சலரோகம் பற்றித்தான். சீனி வருத்தத்தால் வரும் நரம்புப் பாதிப்பு வேறு மாதிரி இருக்கும். இரண்டு காலிலும் ஒரேமாதிரி, விரல் நுனியில் தொடங்கி மெல்ல மேலே ஏறும். இரவு படுக்கையில் கூடும். சப்பாத்தைக் கழற்றினாலும் மாறாது. பல வருடமாக மெட்ஃபோர்மின் எடுப்பவர்களுக்கும், மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்களுக்கும் விற்றமின் பி12 குறைந்தும் இதே எரிவு வரலாம். ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பாதத்தில் 10 கிராம் நைலோன் இழையைத் தொட்டுப் பார்க்கிற சோதனையில் உணர்வு இல்லை என்று வந்தால், சப்பாத்துக் கடைக்குப் போகமுதல் பாத வைத்தியரிடம் போங்கள். உணர்வில்லாத காலில் கொப்புளம் வந்தாலும் தெரியாது. சலரோகக்காரருக்கு அடிபடாமலே ஒரு பாதம் சிவந்து, சுட்டு, வீங்கினால் ஊன்றாமல் அன்றைக்கே வைத்தியரைப் பார்க்க வேண்டும். எலும்பே நொறுங்கத் தொடங்கியிருக்கலாம்.

எரிவு உட்கணுக்காலில் தொடங்கி உள்ளங்காலுக்கு ஓடினாலோ, நாரியிலிருந்து தொடை வழியாக இறங்கினாலோ, நரம்பு நசிகிற இடம் வேறு. அதற்கு எந்தச் சப்பாத்தும் மருந்தாகாது.

இனி உங்கள் 250 டொலர் விசயம். மென்மையைத் தேடித்தான் மூன்று சோடியும் வாங்கியிருக்கிறீர்கள். நசிகிற நரம்புக்கு முதலில் வேண்டியது அகலம். பஞ்சு மாதிரியான அடியில் முன்பாதம் புதைந்து, விரல்கள் பின்னுக்கு மடங்கும். மேல்துணி பக்கவாட்டில் இறுக்கும். எங்கள் கால்களுக்கு இது இன்னும் பொருந்தாது. ஊரில் வெறுங்காலோடும் பாட்டாவோடும் திரிந்து வளர்ந்த கால் விரிந்த கால். 2009இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் தென்னிந்தியாவில் வெறுங்காலோடு நடந்து பழகியவர்களின் பாதங்களை அளந்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சப்பாத்துப் போட்டு வளர்ந்தவர்களைவிட அவர்களின் பாதம் அகலமாக இருந்தது. நடக்கும்போது அழுத்தமும் பாதம் முழுக்கக் கூடுதல் சீராகப் பரவியது. அந்த நல்ல காலைத்தான் கூர்முனைச் சப்பாத்துக்குள் திணிக்கிறோம். செருப்புக்கே பெயராகிவிட்ட அந்தப் பாட்டா குடும்பத்தின் சோனியா பாட்டா சேர்த்த காலணிகள் எங்கள் நகரத்திலேயே, புளோர் வீதி அருங்காட்சியகத்தில் 1995 முதல் இருக்கின்றன. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். சீனப் பெண்களின் கட்டுண்ட பாதங்களுக்குச் செய்த குட்டிச் சப்பாத்துகளின் முன்னால் நின்றால், காலைச் சப்பாத்துக்கு ஏற்ப மாற்றுவது என்ன கொடுமை என்று அவர்களுக்கே விளங்கும்.

வீட்டில் இன்றைக்கே ஒரு சோதனை செய்யலாம். ஓடுகிற சப்பாத்தின் உள்தட்டை வெளியே உருவித் தரையில் வைத்து, அதன்மேல் வெறுங்காலோடு எழுந்து நில்லுங்கள். சின்னவிரல் பக்கமோ பெருவிரல் பக்கமோ சதை தட்டுக்கு வெளியே வழிந்தால் அந்தச் சப்பாத்து உங்களுக்கு ஒடுக்கம். கடையிலும் இதையே செய்யுங்கள், வெட்கப்பட வேண்டாம். பின்னேரத்தில், கால் சற்று வீங்கியிருக்கும்போது போங்கள். ஓடும்போது போடுகிற அதே மேஸைக் கொண்டுபோங்கள். இரண்டு காலையும் நின்றபடி அளக்கச் சொல்லிப் பெரிய காலுக்கு வாங்குங்கள். மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். சிலருக்கு நீண்ட விரல் இரண்டாம் விரல்.

“ஒரு சைஸ் பெரிசாத் தாங்கோ” என்று கேட்பதுதான் எல்லாரும் விடுகிற பிழை. நீளம் கூடுகிற அளவுக்கு அகலம் கூடாது. குதிக்கால் ஆட, பாதம் முன்னுக்குச் சறுக்கி நரம்பு இன்னும் நசியும். அகலத்துக்கு வேறு எழுத்து உண்டு. பெண்களுக்குச் சாதாரண அகலம் பி, அகலமானது டி, மிக அகலமானது 2இ. ஆண்களுக்கு டி, 2இ, 4இ. நியூ பலன்ஸ், புரூக்ஸ் இரண்டிலும் பல மொடல்கள் இந்த அகலங்களில் வருகின்றன. கடைத் தட்டில் இல்லையென்றால் எடுப்பித்துத் தரச் சொல்லுங்கள். ஆல்ட்ரா, டோப்போ ஆகியவை முன்பக்கத்தைக் கால்விரல்களின் வடிவத்திலேயே விரித்துச் செய்கின்றன. ஆனால் ஆல்ட்ராவில் பெரும்பாலான மொடல்களில் குதிக்காலும் முன்பாதமும் ஒரே உயரத்தில் நிற்கும். பழக்கமில்லாத கெண்டைக்காலும் குதிக்கால் தசைநாரும் அதில் நோகும். சில கிழமைகள் நடந்து பழகிய பிறகே ஓட வேண்டும்.

அகலத்துக்கு அடுத்ததாக நான் பார்ப்பது வளைவு. சப்பாத்தைக் கையில் எடுத்து முனையை மடக்குங்கள். விரலடியில் துணிபோல மடங்கினால் வேண்டாம். முன்பக்கம் கொஞ்சம் விறைப்பாக, ஆட்டுக்கதிரையின் கால்போல மேல்நோக்கி வளைந்த அடி இருந்தால், விரல்கள் மடங்காமலே கால் உருண்டு போகும். முன்பாதத்தின் பாரமும் குறையும். ஹோக்கா அந்த வளைவுக்குப் பெயர் பெற்றது. அதிலும் அகல மொடலையே கேளுங்கள், சாதாரண அகலம் பலருக்கு முன்னால் பிடிக்கிறது.

லேசை விரல் பக்கத்து முதல் துளைகளில் கோர்க்காமல் ஒரு துளை விட்டுக் கட்டிப் பாருங்கள். காசில்லாத வைத்தியம், சிலருக்கு இதுவே பாதிப் பிரச்சினையைத் தீர்த்திருக்கிறது.

முன்பாதத்துக்கு வைக்கிற சின்னத் திண்டு ஒன்று மருந்துக் கடைகளில் கிடைக்கும். நோகிற இடத்துக்கு நேர் கீழே ஒட்டினால் நோவு கூடும். அதற்குச் சற்றுப் பின்னால், குதிக்கால் பக்கமாக ஒட்ட வேண்டும். அப்போதுதான் எலும்புகள் விலகி நரம்புக்கு வழிவிடும். இதைச் சரியாக ஒட்டித்தரச் சொல்லி, சப்பாத்தும் உள்தட்டும் பொருத்துகிற நிபுணரான பெடோர்த்திஸ்டிடம் கேட்கலாம். நூற்றுக்கணக்கான டொலர் கொடுத்துச் செய்விக்கிற உள்தட்டுக்கு முன்னால் இதைச் சில கிழமை முயன்று பாருங்கள்.

செய்விக்கத்தான் வேண்டும் என்றால் வேலையிடக் காப்புறுதி எவ்வளவு தரும், யாருடைய கடிதம் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். “உள்தட்டுக்கு ரசீது போட்டுச் சப்பாத்துச் சும்மா தாறம்” என்று யாரும் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ரொறன்ரோ போக்குவரத்துச் சேவையான ரிரிசியில் 2014இல் தொடங்கிய காப்புறுதி மோசடி விசாரணை இப்படியான பொய் ரசீதுகளைப் பற்றியதுதான். இருநூறுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் வேலையை இழந்தார்கள் அல்லது விட்டுப் போனார்கள்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒன்றுதான் எனக்கு மிகவும் உறுத்துகிறது: களஞ்சியத்தில் எட்டு மணித்தியாலம். ஓட்டம் அரை மணி. பச்சை முக்கோணம் போட்ட பாதுகாப்புப் பூட்ஸ்தானே போடுகிறீர்கள்? அதன் முனைக்குள் இருக்கிற இரும்புக் கிண்ணம் எத்தனை வருடம் போட்டாலும் இளகாது. தோல் இளகும், இரும்பு இளகாது. காலையில் அளவாக இருந்த பூட்ஸ் பின்னேரம் கால் வீங்கும்போது விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கும். அந்த நரம்போடுதான் நீங்கள் ஓடப் போகிறீர்கள். பூட்சுக்கும் அகல அளவுகள் உண்டு. உள்தட்டைக் கழற்றி அதே சோதனையைச் செய்யுங்கள். இரும்புக்குப் பதிலாக வேறு கலப்புப் பொருளில் செய்த முனை பாரம் குறைவு, குளிரையும் குறைவாகக் கடத்தும். காசு ஒரு சோடிக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் பூட்சை மாற்றுங்கள்.

மாரியில் இன்னொரு கவனம். தடித்த கம்பளி மேஸைப் போட்டு அதே சப்பாத்தில் ஓடினால் தேடிப் பிடித்த அகலம் போய்விடும். பனியில் வழுக்காமல் மாட்டுகிற றப்பர் முள் வளையமும் முன்பாதத்தை இறுக்கும். அந்த மாதங்களில் ஸ்காபரோ பான் ஆம் நிலையத்தின் உள்ளக ஓடுபாதை உங்களுக்குப் பக்கம்தானே.

திரும்பத் தொடங்குவது இப்படி. புதுச் சப்பாத்தில் எரிவில்லாமல் 30 நிமிடம் வேகமாக நடக்க முடிகிற நாள் வரும்வரை ஓட வேண்டாம். வந்த பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, பத்துத் தடவை. ஒருநாள் விட்டு ஒருநாள். சின்ன எட்டாக வையுங்கள். எரிவு தலைகாட்டினால் நின்று, லேசைத் தளர்த்தி, நடந்து வீட்டுக்குப் போங்கள். அடுத்த நாள் காலையிலும் விறைப்பு இருந்தால் முந்தின கிழமை அளவுக்கு இறங்குங்கள். மேடு ஏறும்போது பாரம் முழுக்க முன்பாதத்தில் விழும், ஆகையால் பிளஃபர்ஸ் பூங்காவிலிருந்து பிரிம்லி வீதியில் ஏறுகிற ஏற்றம் இப்போதைக்கு வேண்டாம். ஆஷ்பிறிஜஸ் பே பக்கம் ஏரிக்கரைப் பாதை சமதரை. காலை ஏழு மணிக்குச் சனமும் குறைவு.

இவ்வளவும் செய்து மூன்று மாதத்தில் மாற்றமில்லையென்றால் ஊசி மருந்து பற்றி வைத்தியரோடு கதையுங்கள். சத்திரசிகிச்சை கடைசி வழி. நரம்பை வெட்டி எடுத்தால் அந்த இரண்டு விரல்களுக்கு நடுவில் உணர்வு திரும்பி வராது.

உங்கள் பூட்சின் நாக்குக்கு உட்புறத்தில் அளவும் அகல எழுத்தும் அச்சடித்திருக்கும். அதைப் பார்த்து எனக்கு எழுதி அனுப்புங்கள்.